கப்பலில் இரண்டு மிராந்தா

ஜூலை 3, திங்கள்

சேசு மரி சூசை துணை.

நோட்டின் முன்பக்கத்திலிருந்து வீட்டுக் கணக்கு ஓடுகிறது. பின்பக்கத்திலிருந்து இது. இரண்டும் நடுவில் முட்டும்போது புது நோட்டு வாங்குவது வழக்கம். இந்த நோட்டில் இன்னும் இடம் இருக்கிறது.

பதினாறாம் தேதி கார்மேல் மாதா திருநாள். உத்தரியம் தைக்க உட்கார்ந்தேன். சின்னச் சதுரமாகப் பழுப்புத் துணி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் கோர்த்துக் கழுத்தில் போடக் கயிறு. கடையில் வாங்குவது உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் ஒரு பயணம்கூடத் தாங்காது. அதனால் நான் வலை முடிகிற நீல நைலான் நூலில் தைப்பேன். கப்பலுக்குப் போகும்போது இவர் ஒரு பிடி எடுத்துப்போய் உடன் வேலை செய்கிற கத்தோலிக்கருக்கெல்லாம் கொடுப்பார்.

இவருக்கென்று தைத்ததில் மட்டும், துணி மடிப்புக்குள் என் கல்யாணச் சேலையின் முந்தி ஓரத்தில் வெட்டிய சின்னத் துண்டை வைத்துத் தைத்திருக்கிறேன். அவருக்கே தெரியாது. பக்திப் பொருளில் இப்படிச் செய்யலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

வெள்ளிக்கிழமை கப்பலிலிருந்து பேசினார். குரலில் ஒரே சிரிப்பு.

"ஜெசிந்தா, இந்தத் தடவ நம்ம குடும்பப் பேருள்ள மிராந்தாவத் தேடி ஊர் ஊரா அலைய வேண்டாம். எங்க இஞ்சின் ரூமுக்கே ஒருத்தன் வந்துட்டான்."

"எந்த ஊராம்?"

"பிலிப்பைன்ஸ்ல இலோயிலோன்னு ஒரு ஊரு. ரொலாந்தோ மிராந்தா. நம்ம பட்டினத்துல கொண்டுவந்து நிறுத்தினா நம்ம தெருப் பயன்னுதான் சொல்லுவ. அதே உயரம், அதே கருப்பு."

"அப்போ நீங்க பெரிய செவப்போ?"

கேப்டன் இவரைப் பெரிய மிராந்தா என்றும் அவனைச் சின்ன மிராந்தா என்றும் கூப்பிடுகிறாராம். இருவரின் வேலைச் சட்டையிலும் நெஞ்சில் மிராந்தா என்று மட்டும்தான் தைத்திருக்கிறதாம். வெளுக்கப் போட்டால் எது யாருடையது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்களாம். அவனுடைய உத்தரியக் கயிறு அறுந்துபோயிருந்ததாம். நம்முடையதில் ஒன்றைக் கொடுத்தேன் என்றார்.

மகள் ரெனிட்டாவின் பள்ளிக்கூட அட்லஸில் உலகப் படத்தை எடுத்து இலோயிலோவைத் தேடிச் சிவப்பு மையில் புள்ளி வைத்தேன். இவர் எந்தத் துறைமுகத்தில் ஒரு மிராந்தாவைக் கண்டாலும் சொல்வார், நான் புள்ளி வைப்பேன். சாந்தோஸில் ஒரு பழக்கடைக்காரர். லீமா பக்கத்தில் பல் மருத்துவர். கோவாவில் எண்ணவே முடியாது. கொழும்பில் ஒரு போலீஸ்காரர். படம் அம்மை போட்டதுபோல் இருக்கிறது.

ஜூலை 6, வியாழன்

சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சென்னையில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து சுரேந்தர் பேசினார்.

"மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நீங்க சொல்லுங்க."

நேற்று ராத்திரி இஞ்சின் அறையில் தீ. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல். கப்பலைக் கைவிட்டுவிட்டார்கள். உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களை ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டு நிற்காமல் பிரேசிலுக்குப் போகிறது. எல்லாரும் அதில் இருக்கிறார்கள், இரண்டு பேரைத் தவிர.

"அந்த ரெண்டு பேரும் மிராந்தாதான் மேடம்," என்றார் சுரேந்தர். "தேடிக்கிட்டு இருக்காங்க."

கையில் செதில் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுத்தான் ரெனிட்டாவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன்.

ஜூலை 7, வெள்ளி

பால் வாங்கினேன். காய்ச்சவில்லை.

ஜூலை 8, சனி

மெற்றில்டா காலையிலேயே வந்துவிட்டாள். இவருடைய தங்கை, அடுத்த வீடு. பின்னாலேயே தெருப் பெண்கள். வாசலில் செருப்பு குவிந்தது. யாரோ ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிசெய்வது கேட்டது.

"அழுறவுக வெளிய போய் அழுங்க," என்றேன்.

"மதினி, மனச தேத்திக்கிடணும். மூணு நாளாச்சி. நடுக்கடல்ல மூணு நாளு மனுசன் எப்படிக் கிடப்பான்? கோயில்ல மணி அடிக்கச் சொல்லட்டுமா?"

"உங்கண்ணன் செத்ததா ஒனக்கு யாருட்டி சொன்னது?"

அவளுக்கும் அண்ணன் ஒருவர்தான். பிறகு நினைத்து வருத்தப்பட்டேன். சாயங்காலம் ஒரு கும்பா கஞ்சி கொடுத்துவிட்டேன், அவள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

கணக்குப் பக்கம் எழுதவில்லை. கடைக்குப் போகவில்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தவுடன் சுரேந்தர்.

ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிரோடு. கனேரித் தீவுகள் என்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவுகளாம், அங்குள்ள ஒரு மீன்பிடிப் படகு வியாழக்கிழமையே தண்ணீரிலிருந்து தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

"வியாழக்கிழமை சேத்தத இப்பதான் சொல்லுதியளா?"

"எங்களுக்கே இப்பதான் மேடம் தெரியும். நினைவில்லாத ஆளு. சட்டையில மிராந்தான்னு இருந்திருக்கு. அங்க அது உள்ளூர்ப் பேரு. யாரோ உள்ளூர் மீனவர்னு நினைச்சிட்டாங்க. மிராந்தாங்கிற பேருல ஒரு குடும்பமே வந்து, காணாமப்போன தங்களோட சித்தப்பாவான்னு பாத்துட்டுப் போயிருக்கு."

"எந்த மிராந்தா, தம்பி?"

"அதுதான் தெரியல மேடம். முகம் முழுக்கக் கட்டு. கை ரெண்டும் வெந்திருக்கு, ரேகை எடுக்க முடியாது. வாயில குழாய். ரத்தம் ஓ பாசிட்டிவ், ரெண்டு பேருக்குமே அதுதான். டி.என்.ஏ. பரிசோதனைக்கு உங்க பொண்ணுகிட்ட எச்சில் எடுப்பாங்க, ஆனா முடிவு வர நாளாகும். அதுக்குள்ள அவரே கண் முழிச்சிட்டா நல்லது."

ஒருவர் இருக்கிறார். ஒருவர் இல்லை. இரண்டு பேரும் மிராந்தா.

மறுபடி கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் பூசைக் கருத்து எழுதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மிராந்தாவுக்காகன்னு எழுதவா?" என்றார். பிறகு தலை நிமிர்ந்து, "எந்த மிராந்தாம்மா?" என்றார்.

அவரே குடும்பக் கருத்துக்காக என்று எழுதிக்கொண்டார்.

மாதா சுரூபம் இருக்கிற கெபியில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினேன். இது இவருக்கு, அது அவனுக்கு என்று பேர் வைக்காமல்தான் ஏற்றினேன். கடற்காற்றில் வலப்பக்கத்தது அணைந்தது. திரும்பப் பற்றவைக்க நேரமில்லை, உலையில் அரிசி கிடந்தது.

ஜூலை 10, திங்கள்

ரொலாந்தோவின் மனைவி பேசினாள். பெயர் மரிசெல். சுரேந்தரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். வேதப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துக் கற்ற இங்கிலீஷ். அவளுடையதும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

என்னை மனாங் என்று கூப்பிட்டாள். அவள் ஊரில் அக்கா என்று அர்த்தமாம். எனக்கு இரண்டு வயதுதான் இளையவள். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"மனாங், நாம் சேர்ந்து செபமாலை சொல்லலாமா?" என்றாள்.

அவள் அவள் மொழியில் தொடங்க, நான் தமிழில் முடித்தேன். போனில் அவள் வீட்டுச் சேவல் கூவியது. நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேருமே நின்றுவிட்டோம். எதற்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த மணிக்குப் போய்விட்டோம்.

ஜூலை 11, செவ்வாய்

ரெனிட்டாவின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் அட்லஸை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். "எம்மா, இவ்வளவு தூரத்துல இருக்கவனுக்கும் நமக்கும் எப்படிம்மா ஒரே பேரு? சொந்தமா?"

இவர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். மிராந்தா என்பது ஒரு ஊரின் பேர். ஸ்பெயினில் ஏப்ரோ ஆற்றங்கரையில் ஒன்று இருக்கிறது, போர்த்துக்கலிலும் ஒன்று இருக்கிறது. பார்த்து வியக்கத் தக்கது என்று லத்தீனில் அர்த்தமாம். ஏறக்குறைய ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நின்ற வெள்ளைக்காரர்கள் தங்கள் பேரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மரிசெல் ஊரில் வேறு மாதிரி. எல்லாருக்கும் குடும்பப் பேர் வேண்டும் என்று ஸ்பானியக் கவர்னர் ஒருவர் உத்தரவு போட்டு, ஊர் ஊராகப் பேர்களை அனுப்பியிருக்கிறார். ரொலாந்தோவின் பாட்டனுக்குப் பாட்டன் அதில் எடுத்துக்கொண்ட பேராம். நமக்கு ஞானஸ்நானத்தில் வந்தது, அவர்களுக்கு அரசாங்கத்தில் வந்தது. யாருக்கும் ரத்தத்தில் வரவில்லை.

இவர் ஒருமுறை பில்பாவோ துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பஸ் பிடித்து அந்த மிராந்தா ஊருக்கே போனார். கடை கடையாக ஏறி, நானும் மிராந்தா, நீயும் மிராந்தாவா என்று கேட்டிருக்கிறார். கேட்ட கடையில் மிராந்தா ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு ரொட்டிக்கடைக் கிழவர் சிரித்துவிட்டு, "ஊருக்குள்ள இருக்கவனுக்கு ஊர்ப் பேரு எதுக்கு? விட்டுப் போனவனத்தான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாவ," என்றாராம். வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ரெனிட்டா கேட்டுவிட்டு அட்லஸை மூடினாள்.

"எம்மா, அப்பா பொழைக்கணும்னு வேண்டினா, அந்த மாமா சாகணும்னு வேண்டுற மாதிரிதான?"

"சாப்பிட்டியா நீ?" என்றேன்.

ஜூலை 12, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. அந்த ஆளின் கழுத்தில் பழுப்பு உத்தரியம் இருந்திருக்கிறது. சட்டையை வெட்டி எடுக்கும்போது நர்ஸ் ஒருத்தி அதை எறிந்துவிடாமல், கழுவிக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறாள். போட்டோவும் வந்தது. நீல நூல். என் தையல். நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

மெற்றில்டா போனைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கண்ணன்தான். மாதாவே, எங்கண்ணன்தான்." தெருவுக்கு ஓடிவிட்டாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மரிசெல்லும் பேசினாள். அவள் குரலிலும் அதே சந்தோசம்.

"மனாங், நீல நூல். உங்கள் கணவர் கொடுத்ததாக என் கணவர் ரோலி அனுப்பிய போட்டோவில் இருக்கிறது. நீங்கள்தான் தைத்ததாமே."

"ஆமா. நான்தான் தைத்தேன்."

"அப்படியானால் இது..."

அப்படியானால் இது ஒன்றுமில்லை. இருவருக்கும் நான்தான் தைத்தேன்.

தெருவுக்குப் போய் மெற்றில்டாவைக் கூட்டிவந்தேன். அவள் ஏற்கெனவே ஏழெட்டு வீட்டில் சொல்லியிருந்தாள்.

ஜூலை 13, வியாழன்

பரண் துடைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். தண்ணீர்த் தொட்டியை இறைத்துத் தேய்த்துவிட்டேன். பழைய பெட்டியைத் திறந்து கல்யாணச் சேலையை எடுத்து, அந்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் திரும்ப வைத்தேன்.

சுரேந்தர் இரண்டு முறை கூப்பிட்டார். அடையாளம் ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

இன்றும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். இன்று வரை எனக்குப் புருசன் இருக்கிறார்.

மத்தியானம் மரிசெல். பிள்ளை மடியில் அழுதுகொண்டிருந்தது. அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"மனாங், உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள். நான் கோபப்பட மாட்டேன். என் மாமியார் சாப்பிடாமல் கிடக்கிறாள். பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். இது எந்தப் பக்கமாவது முடிய வேண்டும்."

என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் ஒன்றுமே சொல்லவில்லையே. ஒருவேளை அதனால்தான் தெரிந்ததோ என்னவோ.

சுரேந்தரைக் கூப்பிட்டுச் சொன்னேன். உத்தரியத்தின் முன்துணியில் ஒரு பக்கம் மட்டும் தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பட்டுத் துண்டு, வாடாமல்லி நிறம், ஜரிகை ஓரம் இருந்தால் என் புருசன். வெறுமையாக இருந்தால் இல்லை.

காயவைத்த மிளகாய் முற்றத்திலேயே கிடந்தது. ரெனிட்டா அள்ளினாள்.

ஜூலை 15, சனி

வாடாமல்லி. ஜரிகை ஓரம். நர்ஸின் கையுறை விரலில் ஒட்டிக்கொண்டு ஈரமாக இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் முந்தி.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மாதாவுக்கு ஸ்தோத்திரம். அவர் இருக்கிறார்.

மரிசெல்லிடம் நானே சொன்னேன், ஏஜென்ட் சொல்லி அவள் கேட்க வேண்டாம் என்று. இன்று சேவல் கூவவில்லை.

"நல்லது மனாங்," என்றாள். "நீங்கள் சொன்னது நல்லது. அவர் உங்களிடம் நல்லபடியாக வரட்டும்."

வைத்துவிட்டாள்.

ஜூலை 16, ஞாயிறு. கார்மேல் மாதா திருநாள்

திருநாள் பூசை. சாமியார் பிரசங்கத்தில் உத்தரியத்தின் மகிமையைச் சொல்லிவிட்டு, நம் செலஸ்டின் மிராந்தாவைப் பாருங்கள் என்றார். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. இதை அணிந்துகொண்டு சாகிறவனுக்கு நித்திய நெருப்பு இல்லை என்பது மாதாவின் வாக்கு, இவருக்கோ இந்த உலகத்து நெருப்பே விலகிவிட்டது என்றார். மெற்றில்டா நேர்ச்சையாக அசனம் போட்டாள். ஊரே சாப்பிட்டது. நான் தைத்த உத்தரியம் எல்லாம் தீர்ந்து, கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"மதினி, இப்பமாவது கொஞ்சம் சிரி," என்றாள் மெற்றில்டா. "ஆனத்துல உப்பு கூடிட்டுன்னா அத வாய்விட்டுச் சொல்லு. ஏன் இப்படி முழிக்க?"

உப்பு சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சுரேந்தர் பேசினார், விவரம் எல்லாம் இவர் பேரில் மாற்றி எழுத. எச்சில் பரிசோதனை முடிவு வர இன்னும் நாளாகுமாம். போகிற போக்கில் கேட்டார்: "சாருக்குக் குடல்வால் ஆபரேஷன் எந்த வருஷம் மேடம் ஆச்சு? வயித்துல வலது பக்கம் பழைய தழும்பு இருக்காம்."

போன பயணத்தில் ஆகியிருக்கும். கப்பலில் திடீரென்று வந்திருக்கும், ஏதாவது துறைமுகத்தில் செய்திருப்பார்கள். நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் விட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

ஜனவரியிலிருந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குளிப்பார். நான்தான் முதுகு தேய்ப்பேன். முதுகைத்தான் தேய்ப்பேன்.

வருசம் நினைவில்லை என்று சுரேந்தரிடம் சொன்னேன்.

ஜூலை 17, திங்கள்

மரிசெல்லிடம் கேட்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. அவளே துக்கத்தில் இருக்கிறாள்.

ஜூலை 18, செவ்வாய்

மரிசெல் போட்டோக்கள் அனுப்பியிருந்தாள். அவர்கள் ஊர்க் கோயிலில் ரொலாந்தோவுக்காக நாளைக்கு இரங்கல் பூசையாம். மேசையில் வெள்ளைத் துணி, அவன் படம், மெழுகுதிரி. பெரிய பையன் புதுச் சட்டை போட்டு விறைப்பாக நிற்கிறான். கீழே எழுதியிருந்தாள்: நேரம் இருந்தால் நீங்களும் அந்த நேரம் ஒரு செபம் சொல்லுங்கள் மனாங். உங்கள் வீட்டுக்காரர் எழுந்ததும் அவரிடம் கேளுங்கள், ரோலி பயந்தானா என்று. அதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு படமும் இருந்தது. அவன் ஆற்றில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் சிரிக்கிறான். சட்டையில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் அதிகம். வயிற்றுப்பக்கம் நிழல்போல ஒரு கோடு. தண்ணீர் நெளிவாகவும் இருக்கலாம். சரியாகத் தெரியவில்லை.

போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். ரெனிட்டா தேடினாள். தெரியாது என்றேன்.

ஜூலை 19, புதன்

பூசைக்குப் போனேன். வாய் திறந்து ஒரு செபமும் வரவில்லை. எல்லாரும் நற்கருணைக்கு எழுந்தார்கள். நான் எழவில்லை. பக்கத்திலிருந்த மெற்றில்டா விலாவில் இடித்தாள். "என்ன மதினி, எந்தி." நான் அசையவில்லை.

அவர்கள் ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. அங்கே இன்னும் சற்று நேரத்தில் இரங்கல் பூசை. அந்தப் பையன் புதுச் சட்டையோடு முன்வரிசையில் நிற்பான்.

பங்குச் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். "சாமி, ஒரு தாய் தன் பிள்ளைன்னு நெனச்சு இன்னொருத்தி பிள்ளைய மடியில வச்சிருக்கா. அவளுக்கும் இப்பம் சந்தேகம் வந்துட்டு. கேக்காம இருந்தா பாவமா?" என்றேன்.

அவர் அங்கியை மடித்துக்கொண்டே, "பிள்ளை யாரம்மா?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். அரிசிப் பானையைத் திறந்து போனை எடுத்தேன்.

"மரிசெல், உன் புருசனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா?"

"குடல்வால். கடைக்குட்டி பிறப்பதற்கு முந்திய வருசம். ஏன் மனாங்?"

ஏன் என்று சொன்னேன். எப்போதிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையே என்று. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். பின்னால் கோயில் மணி கேட்டது. பூசைக்குப் போக வாசலில் நின்றிருந்தாளாம். பிள்ளைகள் என்ன என்ன என்று கேட்பதும் கேட்டது.

"அப்படியானால் உங்கள் சேலைத் துண்டு எப்படி மனாங் அவனிடம் வந்தது?" என்றாள் கடைசியில்.

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 20, வியாழன்

மெற்றில்டாவிடம் சொன்னேன். "நீ எதுக்குட்டி கேட்ட? ஒன்ன யாரு கேக்கச் சொன்னா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்னை ஒருநாளும் வாடி போடி என்று பேசாதவள். பிறகு என் மடியிலேயே விழுந்து கிடந்தாள். அண்ணா அண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரெனிட்டா அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டு வைத்தாள்.

ஜூலை 22, சனி

ரொலாந்தோ கண் முழித்தான். குழாயை எடுத்துவிட்டார்கள். மரிசெல்லிடம் பேசியதை அவள் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது நடுநடுவே நிறுத்தி, சொல்லலாமா மனாங், சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லு என்றேன்.

தீ பரவியதும் மேலே போகும் வழி அடைத்துவிட்டது. இருவரும் பின்பக்கமாகக் கடலில் குதித்திருக்கிறார்கள். ஒரே ஒரு மிதவை வளையம். ரொலாந்தோவுக்குக் கை, முகம் வெந்துபோய்ப் பிடிக்க முடியவில்லை. இவர் தன் பெல்ட்டைக் கழற்றி அவனை வளையத்தோடு கட்டியிருக்கிறார். அவன் கழுத்தில் இருந்த உத்தரியம் எரிந்து போயிருந்ததாம். இவர் தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றி அவனுக்குப் போட்டு, தமிழில் நிறைய நேரம் செபம் சொல்லியிருக்கிறார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியே என்பதைத் தவிர. விடிந்தபோது வளையத்தில் அவன் மட்டும் இருந்தான்.

"பெரிய மிராந்தா நான் செத்துவிடுவேன் என்று நினைத்தார்," என்றானாம் ரொலாந்தோ. "சாகிறவனுக்குப் போடுவதைப் போட்டார். அவருக்கு ஒன்றுமில்லை, நன்றாக நீந்தினார் என்றுதான் நானும் நினைத்தேன்."

ஆமாம். சாகப்போகிறவன் கழுத்தில் இருக்க வேண்டியது அது. இவர் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவன் பயந்தானா என்று கேட்கச் சொன்னாளே மரிசெல். நானும் ஒன்று கேட்கச் சொன்னேன், இவர் பயந்தாரா என்று. அவன் யோசித்துவிட்டுச் சொன்னானாம்: ஒருமுறை சிரித்தார்.

எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை.

ஜூலை 24, திங்கள்

காலையில் மணி அடிக்கச் சொன்னேன். மெற்றில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். துக்க மணி நின்று நின்று அடிக்கும்போது கடலில் இருந்த வள்ளங்கள்கூடப் பாட்டுப்பெட்டியை நிறுத்தின.

உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்களுடையது ஏதாவது ஒன்றைக் கல்லறையில் வைப்பது இங்கே வழக்கம். சாமியார் என்ன இருக்கிறது என்று கேட்டார். மரிசெல் அந்த உத்தரியத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னாள். ரொலாந்தோ கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறானாம், ஆனால் மனாங் கேட்டால் தந்துவிடுவான் என்றாள்.

"கழற்ற வேண்டாம்," என்றேன். "அவன் வீடு வந்ததும், அந்த நர்ஸ் பிரித்த பக்கத்தை மட்டும் நீ தைத்துவிடு. நீல நூல்தான் தாங்கும்."

"துணித் துண்டு உள்ளே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

கல்லறையில் இவருடைய வீட்டுச் செருப்பை வைத்தோம்.

மத்தியானம் கணக்குப் பக்கத்தைத் திறந்து, விட்டுப்போன நாட்களை நினைவுக்கு வந்தவரை எழுதினேன். பிறகு அட்லஸை எடுத்தேன். ரெனிட்டா சிவப்புப் பேனாவை நீட்டினாள். எங்கள் புள்ளிகள் எல்லாம் கரையில் இருக்கின்றன. துறைமுகங்களில், தீவுகளில், ஆற்றங்கரை ஊர்களில். நீலத்தில் ஒன்றுகூட இல்லை.

கனேரித் தீவுகளுக்குக் கீழே, ஊர் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி வைத்தேன்.